கிளி தாளிக்கவில்லை

உயிருக்கு விலை நூற்றைம்பது ரூபாய். வைத்தவன் நான். விற்க மாட்டேன் என்றவர் என் பக்கத்து வீட்டு நேமிசந்திர நயினார்.

உயிர் என்றால் ஒரு கிளியினுடையது. வேலூரில் ஓட்டல் வைத்திருந்த ஒருவர், பேசுகிற கிளி ஒன்று கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்தால் கூட்டம் சேரும் என்று இருநூறு ரூபாயை என்னிடம் கொடுத்திருந்தார். நடுவில் காணாமல் போகிற ஐம்பது என் தரகு. பட்டுச் சேலைக்குத் தரகு பேசுகிற வாய் கிளிக்குப் பேசக் கூடாதா என்ன? நயினார் நோட்டுகளைப் பார்த்தார். தோளில் உட்கார்ந்து தன் காது மடலைக் கொறித்துக்கொண்டிருந்த கிளியைப் பார்த்தார்.

"பலராமா, ஒன் உசுரு எவ்ளோ போவும்?"

"அது வாங்கறவங்களப் பொறுத்ததுங்க."

சிரித்தார். விற்கவில்லை. விற்றிருந்தால் அவர் மகள் குணசுந்தரியின் கல்யாணப் பேச்சு, எழுபத்து நாலாம் வருஷம் ஆவணியில் ஒரு சாயங்காலம், ஒரு தீக்குச்சியின் தலையில் வந்து நின்றிருக்காது.

அந்தக் கிளி வாங்கியதும் அல்ல. பூனையின் வாயிலிருந்து நழுவி, ஒடிந்த இறக்கையோடு அவர் வீட்டுக் கிணற்றடியில் விழுந்தது. நயினார் சமணர். அவர் கணக்கில் பறவையைக் கூண்டில் அடைப்பது பாவம், காலைக் கட்டுவது பாவம், துணி போட்டு மூடுவது அரைப் பாவம். ஆகவே சமையல்கட்டு வாசற்படிக்கு மேலே ஒரு மரக்கொக்கியை அடித்துக் கொடுத்துவிட்டார். பறக்க முடியாத கிளி அங்கே உட்கார்ந்துகொண்டு வீட்டைக் கவனித்தது. வேறு வேலை?

அது திருப்பிச் சொல்கிற பொம்மை அல்ல. எதற்கு முன்னால் எது நடக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளும். குணசுந்தரி குடத்தை இடுப்பில் வைத்தால் போதும், ராட்டினம் கிறீச்சிடும். அவள் கிணற்றுக்கே போயிருக்க மாட்டாள். கடுகு டப்பாவைத் தொட்டால் கடுகு வெடிக்கும்; எண்ணெய் இன்னும் காய்ந்திருக்காது. நயினார் சேலைக் கட்டைப் பிரித்தால், உதறி மடிக்கிற 'படீர்' மேலிருந்து வரும். வந்தவாசி பஸ்ஸின் ஹாரனை அது ஊதி, பையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடியவர்கள் உண்டு.

என் குரலும் அதனிடம் இருந்தது. ஒரு சென்னை வியாபாரி நான் சொன்ன விலைக்கு ஏறக்குறைய மடிந்து வந்த நேரம், மேலிருந்து என் குரலிலேயே, "இன்னும் கொறைக்கலாங்க!" என்றது. குறைக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அந்த வீட்டில் பேரம் எல்லாம் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான். விரலுக்குச் சத்தம் கிடையாது.

சத்தம் போடக் கூடாத விஷயம் அந்த வீட்டில் இன்னொன்று இருந்தது.

நயினாருக்கு மூன்று வருஷமாகச் சர்க்கரை. தினம் சாயங்காலம் ஊசி. ஊசி போட்டுக்கொண்டு, சமண வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் உண்டு முடித்து, ராத்திரி முழுக்க வெறும் வயிற்றோடு படுத்ததில் இரண்டு முறை விடியற்காலையில் பேச்சு மூச்சு இல்லாமல் கிடந்தார். இரண்டாம் முறை வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். ராத்திரி ஒன்பது மணிக்கு ஏதாவது சாப்பிட்டுத்தான் படுக்க வேண்டும், மூன்றாம் முறை கொண்டுவந்தால் தன்னால் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இருட்டில் உண்டால் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் வயிற்றுக்குள் போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. நயினார் அந்த நோன்பைப் பத்து வயதில் எடுத்தவர். கோயில் காரியத்தில் முதலில் நிற்கிற ஆள். செத்தாலும் சாவேன் என்றார். தாயில்லாத மகள் குணசுந்தரி அவரோடு வாதாடவில்லை. அன்று ராத்திரி மின்சார விளக்கை அணைத்தாள். தெருவுக்கு வெளிச்சம் தெரியாதபடி சிம்னி விளக்கைச் சின்னதாக ஏற்றினாள். மூன்று தோசை ஊற்றி முன்னால் வைத்துவிட்டு வெளியே வந்து நின்றாள். அவர் சாப்பிட்டார். அதிலிருந்து தினமும்.

இது தெரிந்தவர்கள் அப்பா, மகள், நான், கிளி. என் மனைவி பூங்காவனத்திடம்கூட நான் சொல்லவில்லை; அவளிடம் சொன்னால் தமுக்கு அடிக்கிற செலவு மிச்சம். நாங்கள் மூவரும் வாயைக் கட்டிக்கொண்டோம். நான்காவது ஆளோ, இருட்டில் யாராவது தீக்குச்சி உரசினால் போதும், தோசை ஊற்ற ஆரம்பித்துவிடும்.

இந்த நிலையில்தான் ஆதிநாத நயினாரும் அவர் மனைவி ரத்னாவதியும் பெண் கேட்டு வந்தார்கள்.

வந்தவாசிப் பக்கத்துக் கிராமம். நல்ல நிலபுலம். மகனைக் குணசுந்தரி திருமலைக் கோயிலில் பார்த்திருந்தாள். மூன்று சம்பந்தத்தை ஏதேதோ சொல்லித் தட்டிவிட்ட பெண், இந்தப் பையனுக்கு மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றாள். அவளுக்கு வயது இருபத்தாறு. ஆதிநாதன் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒன்று சொன்னால் போதும். மூத்த மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், பொழுது சாய்ந்து வெகுநேரம் கழித்து ஒரு தம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்ததைத் தொட்டுப் பார்த்தாராம். ஈரம். எழுந்து வந்துவிட்டார். அதோடு நின்றாலும் பரவாயில்லை. எந்த வீடு, என்ன ஈரம் என்று ஊர் ஊராகச் சொன்னார். அந்தப் பெண்ணை அப்புறம் அந்த வட்டாரத்தில் யாரும் கேட்கவில்லை.

காலையில் வந்தார்கள், நாலரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார்கள். சூரியன் இருக்கும்வரை பயமில்லை என்று நானும் நயினாரும் கணக்குப் போட்டோம். பேச்சுக்குத் துணையாக நானும் போய் உட்கார்ந்தேன். எங்கள் வீடும் சுத்த சைவம், இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு அரைச் சுவர்தான் என்பதால் ஆதிநாதன் என்னை ஆட்சேபிக்கவில்லை.

நகை விஷயம் துண்டுக்கு அடியில் முடிந்தது. ஆதிநாதன் பதினைந்து பவுன் என்று விரல் ஐந்தையும் மூன்று முறை அழுத்த, நயினார் குறைக்கச் சொல்லி ஒன்றைக்கூட மடக்கவில்லை. ஆனால் தாம்பூலம் மாற்றவில்லை. "எதையும் ஒரு ராத்திரி ஊறப் போட்டுத்தான் சொல்றது என் பழக்கம்" என்றார் ஆதிநாதன். "காலையில ஆள் அனுப்பறேன்."

ரத்னாவதி அம்மாள் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. கிளியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அது அன்றைக்குப் பார்த்து முழுக் கச்சேரியும் நடத்தியது. ராட்டினம், துடைப்பத்தைத் தரையில் தட்டுவது, கடுகு வெடிப்பது, தராசுச் சங்கிலி. அந்த அம்மாள் ஒவ்வொன்றுக்கும் அது என்ன என்று சொல்லிச் சொல்லித் தலையாட்டினார்.

"இத்தினி சத்தம் போடுதே, ஒரு திட்டு வருதா பாருங்க" என்றார் கணவரிடம். "எங்க அண்ணன் ஊட்டுக் கிளி வாயத் தொறந்தா 'நாசமாப் போவ'ன்னுதான் ஆரம்பிக்கும். இந்த ஊட்டுல யாரும் யாரையும் அதட்டறதில்ல போலக்கீது."

எனக்குப் பெருமையாக இருந்தது. அப்போது கிளி, முதலில் 'தளதள' என்று கொதித்து, பிறகு சன்னமாக, கண்ணாடியும் கண்ணாடியும் மோதுகிற மாதிரி, 'கிணிகிணிகிணி' என்றது.

"இது இன்னா சத்தம் கண்ணு?"

குணசுந்தரி ஒரு கணம் விழித்தாள். "வளையலுங்க."

அம்மாள் அவள் கையைப் பார்த்தார். தங்க வளையல். மறுபடி கிளியைப் பார்த்தார். உண்மையில் அது, ஊசி போடுவதற்கு முன் கொதிக்கிற தண்ணீரில் கண்ணாடி ஊசிக் குழாய் உருள்கிற சத்தம்.

நாலரை மணி பஸ் வரவில்லை. வருகிற வழியிலேயே அச்சு முறிந்து நிற்கிறது, அடுத்தது எட்டேகாலுக்குத்தான் என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து நான்தான் சேதி கொண்டுவந்தேன். நயினார் கொக்கியில் இருந்த கிளியை அண்ணாந்து பார்த்தார்.

ஐந்தரை மணிக்கே எல்லோருக்கும் இலை போட்டாயிற்று. நயினார் பின்கட்டுக்குப் போய் ஊசியை முடித்துக்கொண்டு வந்து, விருந்தாளிகளோடு உட்கார்ந்து உண்டு கை கழுவினார். பொழுது சாய்ந்தது. கூடத்தில் மின்சார விளக்கு எரிந்தது. கிளி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு தூங்கப் பார்த்தது. நான் கடிகாரத்தைப் பார்க்காதவன் மாதிரி பார்த்துக்கொண்டு, கமண்டல நதியில் தண்ணீர் வந்த கதையை நீட்டி முழக்கினேன்.

ஆறே முக்காலுக்குக் கரண்டு போயிற்று. அந்த வருஷம் கரண்டு போவதற்கு நேரம் காலம் கிடையாது. விருந்தாளி மாதிரி, வந்தால்தான் வந்தது.

இருட்டு. மேலே கொக்கியில் நகம் கீறுகிற சத்தம் கேட்டது. கிளி விழித்துக்கொண்டது.

"விளக்கு ஏத்தலீங்களா?" என்றார் ஆதிநாதன்.

"வேணாங்க" என்றார் நயினார், கொஞ்சம் அவசரமாக. "மழ பேஞ்ச ஈரம். ஈசல் கௌம்பும். வெளக்குல விழுந்து சாவும். எதுக்குங்க பாவம்?"

பொய்யில்லை; அவர்கள் வழக்கம்தான் அது. ஆனால் அந்த இருட்டில் அது எவ்வளவு அழகாக எடுபட்டது என்கிறீர்கள்! ஆதிநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தது எனக்குத் துணி உரசும் சத்தத்தில் தெரிந்தது.

"நயினாரே, இப்பல்லாம் இந்த மாதிரி ஊடு எங்க கீது? ஊறப்போடறதாவது ஒண்ணாவது! இந்த ஒரு வார்த்தைக்கே தட்டு மாத்திடலாம் போலக்கீது."

சரக்கு இல்லாத கடைக்கு முன்பணம் வந்த மாதிரி இருந்தது. விலை ஏற ஏற விழுகிற பள்ளமும் ஆழமாகிறது. இருட்டில் நயினார் என் முழங்காலைப் பிடித்து அழுத்தினார்.

நான் அரைச் சுவரைத் தாண்டி என் டார்ச்சைக் கொண்டுவந்தேன். பாட்டரி செத்துக் கிடந்தது. வெளிச்சம் மின்மினிக்குத் தங்கை. அதை மூலையில் வைத்துவிட்டு, கிளியை மெதுவாகத் தோளில் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று கொக்கிக்குக் கையை நீட்டினேன். விரலில் சதை பிய்கிற மாதிரி கவ்வியது. கூடவே, பூனை பிடித்த நாளில் அது போட்ட அலறலையும் போட்டது.

"இன்னாங்க பண்றீங்க? விடுங்க அத்த!" என்று அதட்டினார் ஆதிநாதன். "வாயில்லா ஜீவன்."

வாயில்லாத ஜீவன்! நான் விரலைச் சப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

ஏழேகால் இருக்கும். இன்னும் அரைமணி நேரம் இருட்டு தாங்கினால் அவர்களைப் பஸ் ஸ்டாண்டுக்கு நடத்திக் கூட்டிப் போய்விடலாம். அப்போது பின்வாசல் கதவு திறந்தது. சாயங்காலம் பாத்திரம் தேய்க்க வருகிற சின்னபொண்ணு. ராத்திரி நடக்கிற எதுவும் அவளுக்குத் தெரியாது.

"இன்னா குணா, மவராசனுங்கள கூட்டியாந்து இருட்டுல குந்த வெச்சிகினுகீறீங்க? வெளக்கு இல்லியா இந்த ஊட்ல?"

"வேணாம் சின்னபொண்ணு!" குணசுந்தரி உள்ளேயிருந்து எழுந்து ஓடுகிற கொலுசுச் சத்தம் கேட்டது. "நீ போ, வேணா..."

சர்ரக்.

தீக்குச்சி எரிந்தது. சிம்னி விளக்கு சின்னதாகச் சுடர்ந்தது. வாசற்படிக்கு மேலே கிளி கழுத்தை முன்னால் நீட்டி, விளக்கைப் பார்த்து, உடம்பை ஒருமுறை சிலிர்த்துக்கொண்டது.

முதலில் அதுவும் ஒரு 'சர்ரக்'. அப்புறம் கல் காய்ந்ததா என்று தண்ணீர் தெளிக்கிற 'சுர்'. கரண்டி கல்லைச் சுற்றுகிற சத்தம். பிறகு நீளமாக, நிதானமாக, பசித்தவனுக்கு நாக்கு ஊறுகிற மாதிரி, 'சொய்ய்ய்ங்.'

ஆதிநாதன் தலை திரும்பியது.

இரண்டாவது தோசை. மூன்றாவது. தட்டைத் தரையில் வைக்கிற சத்தம். சொம்பிலிருந்து தண்ணீர் விழுகிற 'களக் களக்'.

"விளக்கு வெச்சதும் இது இன்னாங்க சத்தம்?" என்றார் ஆதிநாதன். குரல் தாழ்ந்திருந்தது.

நயினார் வாயைத் திறந்தார். பொய் வரவில்லை. எங்கே வரும், பழக்கம் வேண்டாமா? நான்தான் முந்திக்கொண்டேன்.

"அது எங்க ஊட்டுத் தோசைங்க!" என்றேன். "அரைச் சுவருதானே. எங்க ஊட்ல ராத்திரி ஒம்போது மணிக்குத்தான் அடுப்பே பத்தும். என் சம்சாரம் கல்லப் போட்டா இந்தத் தெருவுக்கே கேக்கும். இந்தச் சனியன் அத்தக் கேட்டுக் கத்துகிச்சி. நயினாரு பேஜாரு புடிச்சிப் போயி எங்கிட்ட எத்தினியோ வாட்டி சொல்லிட்டாரு."

நல்ல சரக்கு. மடிப்பு கலையாத பொய். ஆதிநாதன் என்னைப் பார்த்தார், சுவர்ப் பக்கம் பார்த்தார். "அப்படியா" என்று மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தார். உள்ளே குணசுந்தரி மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அப்போது கிளி நேமிசந்திர நயினாரின் குரலில், காதோடு பேசுகிற மாதிரி சொன்னது:

"வெளக்கக் கொறைம்மா குணா. தெருவுல ஆள் போறாங்க."

சின்னபொண்ணு விளக்கோடு அப்படியே நின்றாள். ஒரு ஈசல் கண்ணாடியில் மோதி மோதி விழுந்தது. யாரும் அதைத் தள்ளிவிடக்கூட எழுந்திருக்கவில்லை.

ஆதிநாதன் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். பையை எடுத்தார். "ரத்னாவதி, எழுந்திரு. பஸ் ஸ்டாண்டுலயே குந்திக்கலாம்."

"நயினாரே..." என்றார் நேமிசந்திரன்.

"ஈசல் விழுமா? பாவமா? நல்லாப் பேசினீங்க! அந்தத் தம்ளர் ஊட்டுக்காரனாவது பூச்சிக்கு அழுவல."

குணசுந்தரி சமையல்கட்டு வாசற்படிக்கு வந்து நின்றாள். அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் காரியம் கெட்டுத்தான் போயிருந்தது. திறந்தால் வட்டாரம் முழுக்க அவள் பேரும் சேர்ந்து போகும். இருந்தும் திறந்தாள்.

"தோசை ஊத்துறது நானுங்க. அப்பா வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் விடலை."

ரத்னாவதி அம்மாள் எழுந்திருக்கவில்லை. விரலை உதட்டில் வைத்து எல்லோரையும் அடக்கினார். கிளி இன்னும் முடிக்கவில்லை. தட்டில் விரல் உரசுகிற சத்தம். ஒரு மிடறு. அப்புறம், "அருகா, பொறுத்துக்கோ" என்று சாமியிடம் மன்னிப்புக் கேட்கிற நயினாரின் கிழட்டுக் குரல். அதற்குப் பிறகு, மூக்கை உறிஞ்சி, தொண்டையில் எதையோ அடக்குகிற ஒரு கேவல். மறுபடி ஒரு மிடறு. மறுபடி கேவல்.

இந்தச் சத்தத்தை நானும் கேட்டதில்லை. குணசுந்தரி அப்பாவைப் பார்த்தாள். நயினார் தரையைப் பார்த்தார்.

"அப்பா? தெனமுமா?"

அவள் தட்டை வைத்துவிட்டு வெளியே போய் நிற்பவள் அல்லவா? உள்ளே நடந்தது கிளிக்கு மட்டும்தான் தெரியும்.

"கண்ணு, இங்க வா" என்றார் ரத்னாவதி அம்மாள். "தோசைக்குத் தொட்டுக்க இன்னா?"

"ஒண்ணுமில்லீங்க. உப்பு போட்ட மாவுதானே."

"நெனச்சேன். காலையில இது கடுகு தாளிச்சிது, நானே கேட்டேன். வெளக்கு வெச்சப்புறம் தாளிக்கவேயில்ல. நாக்குக்குத் திங்கிற ஊடா இருந்தா சட்டினி தாளிக்காதா? அந்தக் கண்ணாடி சத்தம் வளையல்னியே, தண்ணி கொதிக்கிற சத்தம் கூட வந்துச்சே, வளையலக் கொதிக்க வெப்பாங்களா யாராவது?" கணவர் பக்கம் திரும்பினார். "எங்கப்பனுக்கும் ஊசி போட்டாங்க. அந்தக் குழாய் உருள்ற சத்தம் எனக்குத் தெரியும். அவரு பட்டினியோட படுத்தாரு. எழுந்துக்கல."

"மருந்துன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே!" என்றார் ஆதிநாதன். பை இன்னும் கையில் இருந்தது. "எதுக்கு ஒளிச்சிங்க?"

"ஒங்க மாதிரி ஆளுங்க தம்ளரத் தொட்டுப் பாக்கறாங்களே" என்றார் அம்மாள். "அதுக்குத்தான்."

சபையில் ஒரு பெண் புருஷனை அப்படிச் சொன்னால் நாங்கள் வியாபாரிகள் வேறு பக்கம் பார்ப்போம். பார்த்தேன். ஆதிநாதன் விளக்கை வாங்கிக் கீழே வைத்து, ஈசல் விழாதபடி தன் துண்டை அதன்மேல் கூடாரம் மாதிரிப் பிடித்தார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை.

"நோன்பு கெட்டதுக்கு வழி கீது நயினாரே" என்றார் கடைசியில். "கோயில்ல போயி உள்ளதச் சொல்லிட்டு, இதுக்குப் பதிலா வேறொண்ண விட்டுடுங்க."

"இனிப்ப விடலாம்னா அத்த டாக்டரே புடுங்கிகினாரு" என்றேன் நான். யாரும் சிரிக்கவில்லை.

ஆதிநாதன் என் பக்கம் திரும்பினார். "ஆனா இந்த ஊட்ல இன்னிக்கி ஒரு பொய் விழுந்துதே. அதுக்கு இன்னா வழி?"

நான் கிளி கடித்த விரலைப் பார்த்துக்கொண்டேன்.

"இந்தப் பொண்ண நான் கூட்டிகினு போயிட்டா, அந்த மூணு தோசைய யாரு ஊத்துறது?" என்றார் அவர். குணசுந்தரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மூன்று சம்பந்தத்தை ஏன் தட்டிவிட்டாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்து வீட்டிலேயே இருந்துகொண்டு, நூலைத் தொட்டுத் தரம் சொல்கிற எனக்கு!

"அது எங்க ஊட்டுத் தோசைன்னு சொன்னீங்களே" என்றார் ஆதிநாதன்.

"சொன்னேங்க."

"மெய்யாக்கிடுங்க."

"எப்படிங்க?"

"கல்யாணத்தன்னிலேர்ந்து தெனம் ராத்திரி ஒம்போது மணிக்கு ஒங்க ஊட்லேர்ந்து மூணு தோசை சொவுரு தாண்டி வரணும். வெங்காயம் நறுக்கின கத்தி கூட அந்த மாவுகிட்டப் போவக் கூடாது. வெளக்கப் பெருசா ஏத்தி, கதவத் தொறந்து வெச்சிகினு சாப்புடணும். ஒத்துகினா இப்பவே தட்டு மாத்தறேன்."

நாற்பது வருஷ வியாபாரப் பழக்கம், வாய் தானாகவே திறந்துவிட்டது. "ரெண்டு தோசைன்னு வெச்சிக்கலாங்களா?"

"கிளி மூணு ஊத்திச்சே."

துண்டைப் போட்டு விரலைப் பிடிக்க இடமில்லாத பேரம். சொன்ன விலைக்கே ஒப்புக்கொண்டு வந்தது என் ஆயுசில் அந்த ஒருமுறைதான். மேலே கிளி என் குரலில், "இன்னும் கொறைக்கலாங்க!" என்றது. ஆதிநாதன் அண்ணாந்து பார்த்தார். "ஆவாது" என்றார், கிளியிடம்.

சின்னபொண்ணு தட்டுக்கு ஓடினாள். எட்டேகால் பஸ்ஸையும் விட்டுவிட்டார்கள்.

பூங்காவனத்திடம் சொல்ல எனக்கு மூன்று நாள் பிடித்தது. அவள் கேட்டுவிட்டு, "தோசை ஊத்தறது பெரிசில்ல. பக்கத்து ஊட்ல மனுசன் சாவக் கெடந்தாரு, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு, அத்த நெனச்சாத்தான்" என்று நாலு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு புதுக் கல் ஒன்று வாங்கிவரச் சொன்னாள். அந்தக் கல்லை வேறு எதற்கும் தொட விடுவதில்லை.

குணசுந்தரி அவ்வப்போது வந்து போகிறாள். வருகிற நாட்களில் அவளே ஊற்றுகிறாள். அன்றைக்கு எங்களுக்கு விடுமுறை. ஆதிநாதன் ஒருமுறை வந்தபோது ஒன்பது மணிவரை தூங்காமல் உட்கார்ந்திருந்து, சுவர் தாண்டி வந்த தட்டை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தார். எண்ணுவார் என்று தெரிந்துதான் பூங்காவனம் அன்று நாலு வைத்திருந்தாள்.

கிளிக்கும் வயதாகிவிட்டது. விளக்கு வைத்தால் இப்போதும் ஊற்றுகிறது. நடுவில் ஒரு மாற்றம். அந்த வீட்டில் ஒரு திட்டு இல்லை என்று ரத்னாவதி அம்மாள் பாராட்டினாரே, இப்போது உண்டு. மூன்றாவது தோசை முடிந்ததும் பூங்காவனத்தின் குரலில், "பொய் சொன்ன மூஞ்சியப் பாரு!" என்கிறது. கற்றுக்கொண்டது அது ஒன்று. மறந்ததும் ஒன்று உண்டு: காதில் விழாத சத்தத்தைக் கிளி வைத்துக்கொள்வதில்லை. அந்தக் கேவல் அதனிடம் இப்போது இல்லை. கதவு திறந்திருக்கிறது, வெளிச்சம் தெருவரை அடிக்கிறது, நயினார் சாப்பிட்டுக்கொண்டே அரைச் சுவர்ப் பக்கம் திரும்பி எங்களிடம் பட்டு விலை பேசுகிறார்.

இது எண்பத்து இரண்டாம் வருஷம். கணக்கு எந்த வியாபாரிக்கும் மனசில் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

சொன்ன பொய், ஒன்று.

அதற்குக் கொடுத்தது, குணசுந்தரி வந்த நாட்களையும் பூங்காவனம் பிறந்த வீடு போன நாட்களையும் கழித்து, நேற்று ராத்திரி வரை தோசை ஏழாயிரத்துச் சொச்சம்.

பாக்கி, இன்றைக்கு மூன்று.